பொட்டுக்கு அடியில் ஒரு கோடு

என் இரண்டு புருவத்துக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு உண்டு. முப்பத்தைந்து வயசில் கோபம் வந்தால் மட்டும் தெரிந்தது, நாற்பத்தைந்தில் தூங்கும்போதும் தெரிய ஆரம்பித்தது. எனக்கு அது கண்ணாடியில் தெரிந்ததைவிட ஸ்டிக்கர் பொட்டில்தான் தெரிந்தது. காலையில் சரியாக ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், நாலாவது பீரியடுக்குள் பொட்டு கோட்டின் மேலேயே நடுவில் மடிந்து ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை மறைக்கப் பெரிய பொட்டு, அதையும் மடித்த பிறகு அதைவிடப் பெரியது என்று கட்டைவிரல் நகத்தளவு மெரூன் பொட்டு வரைக்கும் வந்துவிட்டேன். நான் கணக்கு டீச்சர், திண்டுக்கல்லில். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நான் ஒண்ணும் பண்ணலையே, ஏன் கோவமா பாக்குறீங்க?" என்று அழுதேவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இந்தக் கோட்டுக்கு நான் செலவழித்த கணக்கையும், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பட்ட அவஸ்தையையும் எழுதிவைக்கிறேன். எனக்கு முன்னால் இதில் போய்வந்த ஒரு அக்கா உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

முதல் ஒரு வருஷம் பார்லர். கோல்டு ஃபேஷியல், பேர்ல் ஃபேஷியல் என்று மாசம் ஒன்று, தடவைக்கு 1,200 ரூபாய். தேய்த்துவிடும் சுகத்தில் கண் சொருகும், வெளியே வரும்போது முகம் பளபளவென்று இருக்கும், மறுநாள் காலை கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த 14,400 ரூபாயைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. தூக்கத்துக்குக் கொடுத்ததாக வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் மாசி மாசம், போனில் ஒரு விளம்பரம் வந்தது. மதுரையில் ஒரு கிளினிக், ஆலோசனை இலவசம். அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன். வீட்டில் சொன்னது, தோழி மகளுக்குச் சீமந்தம். ஏசி, வெள்ளைச் சுவர், ரோஜா வாசனை. எதிரே உட்கார்ந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கோட் போட்டிருந்ததால் டாக்டர் என்றே நினைத்தேன், அவள் 'கவுன்சலர்' என்பது பிறகு தெரிந்தது. என் முகத்தை மூன்று போட்டோ எடுத்து, திரையில் பெரிதாக்கி, நான் பார்த்தே இராத குழிகளையும் நிழல்களையும் வட்டம் போட்டுக் காட்டினாள். ஒரு கோட்டுக்காகப் போன எனக்கு, பத்து நிமிஷத்தில் முகமே பழுதான வீடு மாதிரி தோன்றிவிட்டது. மேல்தோலை உரிக்கிற பீல் நாலு, லேசர் ரெண்டு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி ஒன்று, எல்லாம் சேர்த்து 60,000. "இன்னைக்கு க்ளோஸ் பண்ணினாதான் இந்த ரேட் மேடம்" என்றாள். பில் போடும்போது அன்றைக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறி 70,800 ஆனது. சாதாரண வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அழகுக்காகச் செய்துகொள்வதற்கு உண்டு. மெடிக்கல் இன்சூரன்ஸிலும் ஒரு பைசா வராது. சொல்லும் விலை வரியோடா வரி இல்லாமலா என்று கேட்கவேண்டும் என்பதுகூட ஒரு கணக்கு டீச்சருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. மகளுக்கு நகை வாங்கச் சீட்டு எடுத்து வைத்திருந்த 50,000, மீதியை என் சம்பளக் கணக்கிலிருந்து ஜிபேயில் அனுப்பினேன். அனுப்பிய நிமிஷமே வயிற்றில் ஒரு கல் விழுந்த மாதிரி இருந்தது. அதைப் பேச்சுக்கொடுத்து அமுக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத்தான் நான் ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். சுருக்கம் எல்லாம் ஒரே சாதி இல்லை. முகத்தைச் சுளிக்கும்போதும் சிரிக்கும்போதும் மட்டும் விழுகிற கோடு ஒன்று, அது தசையின் வேலை. முகம் சும்மா இருக்கும்போதும் நிற்கிற கோடு இன்னொன்று, வருஷக்கணக்கில் மடிந்து மடிந்து தோலிலேயே பதிந்துபோனது, இஸ்திரி போட்டாலும் போகாத புடவை மடிப்பு மாதிரி. மூன்றாவது, வெயிலால் வரும் மெல்லிய சுருக்கமும் சொரசொரப்பும். தசையால் வரும் கோட்டுக்கு போடாக்ஸ் கேட்கும். மேல்தோலை உரிக்கிற பீல், தசைக்கு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. எனக்கு இருந்தது முதலாவதும் இரண்டாவதும் கலந்த கோடு. எனக்கு விற்றது நாலு பீல். பேக்கேஜ் என்பது அவர்களிடம் எந்த மிஷின் இருக்கிறதோ அதை வைத்துப் போடுவது, நம் முகத்தை வைத்து அல்ல. வீட்டிலேயே கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சுளித்துப் பாருங்கள், பிறகு தளர்த்துங்கள், தளர்ந்த பிறகும் எது மிச்சம் நிற்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு நிமிஷச் சோதனையை நான் செய்துவிட்டுப் போயிருந்தால் பீல் எதற்கு என்றாவது கேட்டிருப்பேன்.

முதல் பீல் பங்குனியில். கொஞ்சம் எரிந்தது, மூன்றாம் நாள் மூக்கோரம் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது, உள்ளே புதுத்தோல் நன்றாகவே இருந்தது. நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டாவதைக் கொஞ்சம் 'ஸ்ட்ராங்கா' போட்டார்கள். அது முடிந்து பத்தாம் நாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். எங்கள் வீட்டில் அதைத் தவறவிட்டதே இல்லை. விடியற்காலை ஆற்றங்கரையில் இடம் பிடித்தோம், தரிசனம் முடிந்து கூட்டத்தில் நகர்ந்து வெளியே வரும்போது மணி பதினொன்று. சித்திரை வெயில், தலையில் முந்தானை மட்டும். ஒரு வாரத்தில் இரண்டு கன்னத்து எலும்பின் மேலும் மேலுதட்டிலும் அடுப்புக்கரி தேய்த்த மாதிரி கறுப்பு இறங்கியது. கிளினிக்குக்குப் போன் செய்தால், "சகஜம்தான் மேடம், அடுத்த சிட்டிங்ல போயிடும்." நல்லவேளை, மூன்றாவது பீலுக்கு நான் போகவில்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு எந்தச் சூடும், எந்தக் காயமும் கறுப்பாக ஆறும் வாய்ப்பு அதிகம். பீல், லேசர் இரண்டுக்கும் இதே பயம்தான். அதனால் செய்வதற்குச் சில வாரம் முன்பே தோலை க்ரீம் போட்டுத் தயார்படுத்துவார்கள், முன்னும் பின்னும் வெயில் கூடாது, சன்ஸ்கிரீன் கட்டாயம். எனக்கு க்ரீமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இல்லை, எச்சரிக்கை இருந்தது. கையில் கொடுத்த சீட்டில் ஐந்தாவது வரியில் அச்சடித்திருந்தார்கள். கைப்பையில் மடித்துப் போட்டவள் நான்தான். கோடை விடுமுறையில் திருவிழா, கல்யாணம், கோயில் பயணம் என்று வைத்திருப்பவர்கள் பங்குனி சித்திரையில் பீலையும் லேசரையும் தொடவே வேண்டாம். ஐப்பசிக்கு மேல் யோசிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் அதே இடத்துக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். கட்டிய காசு. அதுதான். ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், போடாக்ஸுக்குப் போனேன். ஊசி போட்டவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மருந்து ஏற்கெனவே சிரிஞ்சில் இழுத்து வைத்திருந்தது. எத்தனை யூனிட் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு" என்றார். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நானாகச் சொன்னேன், அவராக எதுவும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்து, ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து, முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு திண்டுக்கல் வரைக்கும் தூங்கினேன். மறுநாள் ஆடி வெள்ளி. உச்சந்தலையிலிருந்து புருவம் வரைக்கும் நல்லெண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துத் தலை முழுகினேன். ஊசி போட்ட அன்று முகத்தைத் தேய்க்கக்கூடாது, நாலு மணி நேரமாவது படுக்கக்கூடாது, எண்ணெய்க் குளியல், மசாஜ், ஃபேஷியல் எல்லாம் தள்ளிப்போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்தத் தடவை சீட்டுகூடக் கொடுக்கவில்லை.

அடுத்த வெள்ளி, எட்டாம் நாள். விடிகாலை ஐந்தரைக்குக் கோலம் போட எழுந்தவள் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். இடது கண் இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தொங்கியது, பாதி இறக்கிய கடை ஷட்டர் மாதிரி. விரலால் தூக்கினேன், விட்டதும் இறங்கியது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பார்த்தார். "என்னம்மா ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்று கத்திவிட்டார். அவர் அப்பா பக்கவாதத்தில் போனவர். கையைத் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார், எல்லாம் சரியாக இருந்தும் நம்பவில்லை. ஐந்து நிமிஷத்தில் ஆட்டோ, கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. அவர் செய்தது சரி, முகம் ஒரு பக்கம் தொங்கினால் யாரும் காத்திருக்கக்கூடாது. ஆனால் எனக்குக் காரணம் தெரியும். ஆட்டோவில் சொல்ல வாயெடுத்தேன். வண்டி ஓட்டுகிறவர் காதில் விழுமே என்று விட்டேன். கேஷுவாலிட்டியில் சொல்லலாம் என்றிருந்தேன், அங்கே நர்ஸ் எங்கள் பள்ளிப் பழைய மாணவி. ஸ்கேன் எடுத்தார்கள், 3,200 ரூபாய். ரிப்போர்ட் சுத்தமாக வந்த பிறகு டியூட்டி டாக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "அம்மா, சமீபத்துல முகத்துல எங்கயாவது ஊசி போட்டீங்களா?" வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். "போட்டேன்" என்றேன். அந்த 3,200 என் வெட்கத்துக்குக் கட்டிய ஃபீஸ்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி, "எவ்வளவு?" சொன்னேன். கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது, 150 ரூபாய் விலைச்சீட்டுகூடப் பிரிக்காமல். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய் மெட்ராஸ் ஐ என்றேன். தலைமையாசிரியை பதறி, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கைவசம் இருந்த சி.எல். லீவு எல்லாம் போயிற்று. கண் டாக்டர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். அது இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கும், போட்டால் போர்டு தெரியும் அளவுக்கு. போடாக்ஸை முறிக்கும் மருந்து இல்லை, தானாக இறங்கும்வரை பொறுக்கவேண்டும் என்றார். இமை பழையபடி வர ஆறு வாரம் ஆனது. கொலுவுக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் கன்னத்துக் கறுப்பைப் பற்றித்தான், இமையைப் பற்றி இல்லை என்பதில் எனக்கு அன்று ஒரு அற்ப சந்தோஷம்.

நடுவில், ஆவணியில், ஒரு தோல் டாக்டரிடம் போனேன். எம்.டி. டி.வி.எல். (தோல், பால்வினை நோய், தொழுநோய்ப் பிரிவு) படித்தவர், சின்ன கிளினிக், மரப் பெஞ்சு, பக்கத்தில் சொறி சிரங்குக்கு வந்த குழந்தைகள். பேர்ப்பலகையில் பதிவு எண் இருந்தது. டி.வி.எல். என்ற மூன்று எழுத்தையாவது டி.டி.வி.எல்., டி.என்.பி. தோல் பிரிவு என்பதையாவது தேடுங்கள். சில மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்து 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்வது வேறு. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் டாக்டர் பேரைப் போட்டுப் பதிவைப் பார்க்க முடியும், காசில்லை, இரண்டு நிமிஷம். நான் புடவைக் கடையில் சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்பவள். என் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி வைக்கிறவர் யார் என்று ஒரு தடவை கேட்கவில்லை.

அந்த டாக்டர் அம்மா முதலில் சுளிக்கச் சொன்னார், பிறகு தளர்த்தச் சொன்னார். போடாக்ஸ் என்பது ஒரு பாக்டீரியாவின் விஷம், கெட்டுப்போன இறைச்சியில் வருவது, துளியிலும் துளியாகக் கொடுத்தால் நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை அந்த இடத்தில் மட்டும் நிறுத்தும், நாலைந்து நாளில் தெரியத் தொடங்கி இரண்டு வாரத்தில் முழுசாகப் பிடிக்கும், மூன்று நாலு மாதத்தில் விட்டுவிடும் என்றார். கனடாவில் கண் துடிப்புக்காக இந்த ஊசி போட்ட ஒரு கண் டாக்டரும் தோல் டாக்டரான அவர் கணவரும்தான், நோயாளிகளின் புருவ நடுக் கோடு மறைவதைப் பார்த்து இந்த உபயோகத்தைக் கண்டுபிடித்து 1992-ல் எழுதினார்களாம். 2002-ல் அமெரிக்காவில் அழகுக்கென்று முதலில் அனுமதி கொடுத்ததும் இதே கோட்டுக்குத்தான். கேட்டதும் எனக்கு என் கோட்டின் மேல் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது. என் இமை ஏன் தொங்கியது என்று கேட்டேன். எண்ணெய்க் குளியலும் பஸ் கம்பியும் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஊசியைப் புருவத்துக்கு ரொம்பக் கீழே இறக்கிப் போட்டாலோ மருந்து அதிகமாகப் பரவினாலோ இமை தூக்கும் தசையும் சேர்ந்து அசந்துவிடும், அதுதான் அதிகம் நடப்பது என்றார்.

பதிந்துபோன கோட்டை, ஃபில்லர் என்கிற ஜெல்லை ஊசியால் உள்ளே வைத்து நிரப்பிவிடலாமே என்று நானாகத்தான் கேட்டேன், போனில் பார்த்திருந்தேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார். புருவ நடுவில் ஓடும் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு சேர்ந்தவை, அந்த ஜெல் தவறி உள்ளே போனால் பார்வையே போகலாம். மூக்கோரத்திலிருந்து வாய் வரை வரும் மடிப்புக்குப் பலர் வைத்துக்கொள்கிறார்கள், அங்கேயும் கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருக்கிற டாக்டரிடம்தான் போகவேண்டும், உங்கள் இடத்தில் நான் வைக்கமாட்டேன் என்றார். ஒரு டாக்டர் வருமானத்தை வேண்டாம் என்று சொல்வதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அவர் எழுதிக்கொடுத்தது ட்ரெட்டினாயின் என்கிற வைட்டமின் ஏ வகை க்ரீம், 0.025 சதவீதம், 200 சொச்சம் ரூபாய் ட்யூப். ராத்திரி மட்டும், முகம் முழுசுக்கும் ஒரு பட்டாணி அளவு, முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள். அள்ளிப் பூசினால் சிவந்து உரியும், நான் ஒரு தடவை பூசிப் பார்த்துவிட்டேன். கர்ப்பமாக இருக்கிறவர்கள் தொடக்கூடாது, மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம். காலையில் சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும். வீட்டுக்குள்தானே இருக்கிறோம் என்று விடக்கூடாது, சுருக்கம் விழவைக்கும் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். இந்த இரண்டிலேயே கன்னத்துக் கறுப்பு தை மாதத்துக்குள் கிட்டத்தட்டப் போய்விட்டது, மேலுதட்டில் மட்டும் நிழல் இருக்கிறது. என்னிடம் விற்ற எதையும்விட இந்த ட்யூப்தான் உழைத்தது. அதில் யாருக்கும் கமிஷன் இல்லாததால் யாரும் சொல்லவில்லை போல.

தை கடைசியில் அந்தத் தோல் டாக்டரிடமே போடாக்ஸ் போட்டுக்கொண்டேன். இந்த முறை ஸ்கூட்டரில் கூட்டிப்போனது என் வீட்டுக்காரர். ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து என் கண் முன்னாலேயே திறந்து, சலைன் கலந்து, லேபிளில் தேதியைக் காட்டினார். வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளி, 20 யூனிட். யூனிட்டுக்கு 350 வீதம் 7,000, வரியோடு 8,260, பில்லில் மருந்தின் பெயர், யூனிட், பேட்ச் நம்பர் எல்லாம் இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி யூனிட் கணக்கு மாறும், அதனால் எண்ணை மட்டும் கேட்டால் போதாது, எந்த மருந்து என்றும் கேளுங்கள். முதல் கிளினிக் கொடுத்த பில்லில் 'ஸ்கின் கேர் பேக்கேஜ்' என்று ஒரே வரி. பாக்கி பீலுக்கும் லேசருக்கும் பணம் கேட்டபோது, திருப்பித் தரமாட்டோம் என்று அதன் பின்பக்கத்தைக் காட்டினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அந்த ஒரு வரிப் பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது என்று வக்கீல் தம்பி யோசிக்கிறான், நானும் யோசிக்கிறேன்.

வைகாசியில் மருந்து இறங்கியதும் மறுபடி ஒருமுறை போட்டேன். வருஷத்துக்கு மூன்று தடவை என்றால் அதே விலையில் 24,780. கட்டுப்படியாகுமா என்று கேட்டால், மூன்றை இரண்டாக்கிக் கொள்ளலாம் என்றிருக்கிறேன். கோடு போய்விட்டதா என்றால் இல்லை. சுளித்தால் விழுவது நின்றுவிட்டது. பதிந்தது மெல்லிய நகக்கீறல் மாதிரி இன்னும் இருக்கிறது, கிட்டத்தில் பார்த்தால் தெரியும்.

இப்போது நான் வைப்பது மிளகளவுப் பொட்டு. சாயங்காலம் எடுக்கும்போதும் தட்டையாகவே வருகிறது. பெரிய மெரூன் பொட்டு அட்டை பீரோவில் நாலைந்து கிடக்கிறது. இந்தக் கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.